நான்கு சதவீதம்

காட்பாடி தண்டவாளத்திலிருந்து
நானூறு மீட்டர் தள்ளி எங்கள் ஆய்வுக்கூடம்.
இடம் பார்த்தவர் தராசை யோசிக்கவில்லை.
ஜோலார்பேட்டை சரக்கு வண்டி போகும்போதெல்லாம்
மைக்ரோகிராம் எண்கள் எழுந்து நடக்கும்.
அதனால் ஷாகிரா வடிதாள்களை எடைபோடுவது
இரவு இரண்டு ஐம்பதுக்கும் மூன்று பத்துக்கும் நடுவே.

ராணிப்பேட்டைப் பட்டறையில் செய்த தொட்டி,
மூன்று ஆள் உயரம்.
அணு உலையின் கவசக் கூடத்துக்கு அது பொம்மை வீடு.
உள்ளே நீராவி. நீராவிக்குள் சீசியம் அயோடைடு,
கதிர் வீசாத, சாதுவான வகை.
உலை உருகி மூச்சு விட்டால்
அந்த மூச்சில் மிதப்பவற்றில் இதுவும் ஒன்று.
எவ்வளவு நேரம் மிதக்கும் என்பதுதான் கேள்வி.
மிதக்கும்வரை அதற்கு ஒரு விரிசல் போதும்.
விழுந்துவிட்டால் வெறும் கறை.

நான் சுவருக்கு இந்தப் பக்கம்.
என் தொட்டி இருபதாயிரம் வரி நிரல்.
துகள்களை இருபத்துநான்கு அளவாகப் பிரித்து
மளிகைக்கடை டப்பா மாதிரி அடுக்கியிருக்கிறேன்.
சின்னது பெரியதில் மோதும், ஒட்டும், அடுத்த டப்பாவுக்குப் போகும்.
எல்லாத் துகளும் உருண்டை, எல்லாம் உலர்ந்தது.
அப்படி எழுதி வைத்தவர் ஓய்வுபெற்றுவிட்டார்.

விதி ஒன்றுதான்:
உறை பிரியும்வரை
அவள் அளந்ததை நான் கேட்கக்கூடாது,
நான் கணித்ததை அவள் கேட்கக்கூடாது.
ஆறு வாரம் ஒரே மேசையில் சாப்பிட்டோம்.
மேல்விஷாரத்திலிருந்து அவள் கொண்டுவரும்
முள்ளுக்கத்தரிக்காய்க் குழம்பில் பாதி எனக்கு.
'தூசு எப்படி?' என்று வாய்வரை வரும்.
'வெயில் எப்படி?' என்று மாற்றிக் கேட்பேன்.
'நூற்றெட்டு' என்பாள்.
அந்த எண்ணை மட்டும் சொல்லலாம்.
ஒருநாள் அவள் இமையில் வெள்ளையாக ஏதோ.
உப்பா, தூக்கமா,
பார்க்காத மாதிரி தட்டைக் கழுவினேன்.

வைகாசியில் உறை பிரித்தார்கள்.
பாதி இறங்க, என் கணிப்பில் பதினொரு மணி நேரம்.
அவள் தொட்டியில் நான்கரை.

முனிரத்தினம் சார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.
'பயப்படுகிற பக்கம்தானே தப்பு? நல்ல தப்பு' என்றார்.
மிதக்கும் என்றது சீக்கிரம் விழுந்தால் ஊருக்கு லாபம்தான்.
காரணம் தெரியாத லாபத்தை
எந்தக் கணக்கில் வரவு வைப்பது?

'உப்பு தண்ணி குடிக்கும்டி' என்றாள் ஷாகிரா,
சித்தூர் பஸ் நிறுத்தத்தில், இரண்டாவது டீயில்.
'உன் நிரலுக்குத் தாகமே தெரியல.'
பாலாற்றங்கரையில் வளர்ந்த எனக்குத்
தாகத்தை ஒருத்தி சொல்ல வேண்டியிருந்தது.

பதினேழு வரி சேர்த்தேன்.
ஈரத்தில் ஊதும், கனக்கும், விழும்.
நான்கு மணி நாற்பது நிமிடம்.
கோட்டின்மேல் கோடு படுத்துக்கொண்டது.
அந்தப் படம் மட்டும் போதும் என்றார் சார்.
விடைத்தாளைப் பார்த்த பிறகு எழுதிய விடை அது.
இரண்டு கோட்டையும் போட்டேன், முதல் கோடு சிவப்பில்.
அவர் கறுப்பு வெள்ளையில் அச்சடித்தார்.

தனகோட்டி தொட்டியைக் கழுவினார்.
சுவரில் படிந்தது, தரையில் இறங்கியது,
வடிதாளில் சிக்கியது, குழாய் வளைவில் பதுங்கியது,
எல்லாம் கூட்டினால் போட்டதில் தொண்ணூற்றாறு.
மறுபடி கழுவி, கழுவிய நீரை வற்றவைத்து,
சரக்கு வண்டி போகக் காத்திருந்து
எடைபோட்டோம். தொண்ணூற்றாறு.

மீதி நான்கு
அளவைப் பிழைக்குள் அடங்கும் என்று எழுதுவது வழக்கம்.
எழுதினோம்.
கதவைப் பூட்டும்போது ஷாகிரா
துப்பட்டாவை ஒருமுறை உதறிப் பார்த்தாள்.
நான் என் உள்ளங்கையைப் பார்த்தேன்.
இருவருக்கும் சிரிப்பு வந்தது.
உப்பு என்பதால்.